கூடுதல் பெட்ரோலை யார் ஊற்றுவது?

நைட்ரஸ் ஆக்சைடு எரியாது. சினிமாவில் கதாநாயகன் ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தானை அழுத்தியதும் சைலன்சரிலிருந்து நீலத் தீ பாய்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை நம்புவது சிரமம். எரியும் குச்சியை அந்த வாயுவுக்குள் நீட்டினால் குச்சி இன்னும் பிரகாசமாக எரியும். வாயு தானாகப் பற்றிக்கொள்ளாது. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்து, 1799-இல் ஹம்ஃப்ரி டேவி தானே முகர்ந்து பார்த்துச் சிரித்து, இன்றைக்கும் அறுவை அரங்குகளில் மயக்கத்துக்கு உதவும் அதே வாயுதான் இது. எஞ்சினுக்குள் எரிவது எப்போதும் பெட்ரோல். நைட்ரஸ் அதற்கு ஆக்சிஜன் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

இதைப் பிடித்துக்கொண்டால் கார் ஆர்வலர்கள் ஓயாமல் விவாதிக்கும் 'வெட் கிட்டா, டிரை கிட்டா' என்ற கேள்வியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இரண்டிலும் நைட்ரஸ் ஒன்றுதான், சிலிண்டரும் ஒன்றுதான். கூடுதலாக வரும் ஆக்சிஜனுக்கு ஈடான கூடுதல் பெட்ரோலை யார் ஊற்றுவது என்பதில்தான் வேறுபாடு. டிரை கிட் அந்தப் பொறுப்பைக் காரின் சொந்த இஞ்செக்டர்களிடமும் கணினியிடமும் விடுகிறது. வெட் கிட் தனியாக ஒரு பெட்ரோல் குழாயை இழுத்து, நைட்ரஸோடு சேர்த்து, காற்று நுழையும் இன்டேக்கில் தெளித்துவிடுகிறது. முன்னது மென்பொருள் வேலை, பின்னது குழாய் வேலை. பெங்களூரின் வைட்ஃபீல்டில் இந்தக் கேள்விக்குத் தனிச் சுவை உண்டு. மெர்சிடீஸ்-பென்ஸ் ஆராய்ச்சி மையம் தொடங்கி, வாகனங்களுக்கான மென்பொருளையே பிழைப்பாகக் கொண்ட கூட்டம் இங்கே கணிசம். அவர்கள் இயல்பாக டிரை பக்கம் சாய்வார்கள். தெருக்கோடி ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்த மெக்கானிக் வெட் பக்கம் சாய்வார். இருவருக்கும் ஊரின் உயரமும் வெயிலும் பங்க்கில் வரும் பெட்ரோலும் வைத்திருக்கும் பதில் கொஞ்சம் வேறு.

முதலில் கணக்கு. ஒரு கிலோ காற்றில் சுமார் 230 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடில் 364 கிராம். அதைவிட முக்கியம், நைட்ரஸைச் சாதாரண வெப்பநிலையிலேயே அழுத்தித் திரவமாக்கி டிக்கியில் வைக்கலாம். 20 டிகிரியில் சுமார் 50 பார் அழுத்தம் போதும். ஆக்சிஜனை அப்படிச் செய்ய முடியாது. எரிஅறையின் சூட்டில் நைட்ரஸ் மூலக்கூறு நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைகிறது. உடையும்போதே வெப்பமும் தருகிறது. கூடவரும் நைட்ரஜன் தீயின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. தூய ஆக்சிஜனைச் செலுத்தினால் பிஸ்டன் தாங்காது. இன்னொரு லாபமும் உண்டு. மைனஸ் 88 டிகிரியில் கொதிக்கும் திரவம் இன்டேக்கில் விழுந்ததும் ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று அடர்ந்த காற்று.

வைட்ஃபீல்டில் ஓடும் ஒரு சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். 6000 ஆர்பிஎம்மில் அது விநாடிக்கு ஏறக்குறைய 56 கிராம் காற்றை இழுக்கும். அதில் ஆக்சிஜன் 13 கிராம். இதற்கு 25 குதிரைத்திறன் 'ஷாட்' கொடுக்க வேண்டுமானால் விநாடிக்கு 14 கிராம் நைட்ரஸ் தேவை. அதிலிருந்து 5 கிராம் ஆக்சிஜன் வரும். எண்ணிப் பாருங்கள், எஞ்சின் தன் முழு மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 40 சதவீதம் அது. 25 என்பது அமெரிக்க எட்டு சிலிண்டர்காரர்கள் சிரித்து ஒதுக்கும் எண். நம் ஊர்ச் சின்ன எஞ்சினுக்கு அது சின்ன விஷயமல்ல.

வேதியியல் சமன்பாட்டின்படி ஒரு கிலோ பெட்ரோலுக்கு 9.6 கிலோ நைட்ரஸ் சரியாக இருக்கும். ஆகவே 14 கிராம் நைட்ரஸுக்கு ஒன்றரை கிராம் பெட்ரோல் கூட வேண்டும். இந்த ஒன்றரை கிராம் வராமல் போனால்தான் விபரீதம். கலவை 'லீன்' ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்ததாகும்; அது நேரம் தவறித் தானாக வெடிக்கும் நாக்கிங் தொடங்கும். பிஸ்டன் அலுமினியம், அது 660 டிகிரியில் உருகும் உலோகம். அதன் தலைக்கு மேல் 2000 டிகிரியைத் தாண்டிய தீ எரிகிறது. அப்படியும் பிஸ்டன் பிழைத்திருப்பதற்கு ஒரு காரணம், அதன் பரப்பை ஒட்டி நிற்கும் மெல்லிய, குளிர்ந்த வாயுப் படலம். நாக்கிங்கின் அதிர்வலைகள் அந்தப் படலத்தைக் கலைத்துவிடும். பிறகு சில விநாடிகள் போதும். நைட்ரஸால் எஞ்சின் போயிற்று என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை பெட்ரோல் வராததால் போனவை.

டிரை கிட்டில் அந்த ஒன்றரை கிராமைக் கொடுக்க வேண்டியவை ஏற்கெனவே உள்ள இஞ்செக்டர்கள். 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லி விநாடிதான் கிடைக்கும். சின்னக் கார்களின் இஞ்செக்டரை நிறுவனம் தன் எஞ்சினுக்கு அளவெடுத்துத்தான் வாங்குகிறது, தாராளமாக அல்ல. முழு ஆக்சிலரேட்டரில் அது 14 மில்லி விநாடி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கேட்டால் 19-ஐத் தொடும். குழாய் மூடவே நேரமிருக்காது. அந்த நிலையில் இஞ்செக்டர் கணினியின் பேச்சைக் கேட்காது. எனவே இஞ்செக்டரை மாற்றாமல் இத்தகைய எஞ்சினில் டிரை கிட் பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறனோடு நின்றுவிடும். பெரிய எஞ்சினில் அதே 25 குதிரைத்திறன் சிறிய விகிதமாகிவிடுவதால் கைக்குள் வரும்.

கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? பழைய வழி, நைட்ரஸின் அழுத்தத்தையே கொண்டுபோய் பெட்ரோல் ரெகுலேட்டரை அழுத்துவது. பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 80 சதவீதம் கூடுதல் அழுத்தம் வேண்டும். பம்ப் மூச்சுத்திணறும். போதாததற்கு, நம்முடைய இன்றைய கார்கள் பலவற்றில் ரெகுலேட்டரே பெட்ரோல் டேங்குக்குள் பம்ப்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. இந்த வழியை மறந்துவிடலாம்.

இரண்டாவது வழி கொஞ்சம் கள்ளத்தனமானது, எனக்குப் பிடித்தது. காற்றின் நிறையை அளக்கும் சென்சாரில் ஒரு சூடான கம்பி இருக்கும். காற்று வேகமாகப் பாய்ந்தால் கம்பி குளிரும். அதைச் சூடாகவே வைத்திருக்கச் செலவாகும் மின்சாரம்தான் கணினி படிக்கும் எண். அந்தச் சென்சாருக்கு முன்னால் நைட்ரஸைத் தெளித்தால் கம்பி கூடுதலாகக் குளிர்கிறது. கணினி 'காற்று அதிகம் வருகிறது' என்று நம்பித் தானே பெட்ரோலைக் கூட்டுகிறது. அழகுதான். ஆனால் இந்தியாவின் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அந்தச் சூடான கம்பியே கிடையாது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து, காற்றின் வெப்பநிலையைச் சேர்த்துக் கணக்குப்போடும் முறைதான் அவற்றில். த்ராட்டில் முழுதாகத் திறந்த நிலையில் நைட்ரஸ் வந்தாலும் வராவிட்டாலும் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்தான். கணினி எதையும் உணராது. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து டிரை கிட்டை வாங்கி அத்தகைய காரில் அப்படியே மாட்டினால் கூடுதல் பெட்ரோல் ஒரு சொட்டும் வராது. அங்கே மிஞ்சுவது மூன்றாவது வழி: நைட்ரஸ் திறந்திருக்கும் நேரத்துக்கென்று காரின் கணினியான இசியு-வில் தனி அட்டவணை எழுதுவது. பெட்ரோலைக் கூட்டி, தீப்பொறி நேரத்தையும் பின்தள்ள வேண்டும். நைட்ரஸ் கலந்த கலவை வேகமாக எரிவதால் பழைய நேரத்தில் பொறி விட்டால் பிஸ்டன் மேலே வந்து முடிப்பதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். 50 குதிரைத்திறனுக்கு இரண்டு டிகிரி பின்தள்ளு என்பது கைப்பழக்கத்தில் வந்த விதி. வைட்ஃபீல்டின் மென்பொருள்காரர்களுக்கு இது வாரக்கடைசி வேலை.

வெட் கிட்டுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை என்பார்கள். பெட்ரோல் லைனில் ஒரு கிளை, மின்சாரத்தால் திறக்கும் வால்வான ஒரு சாலனாய்டு. நைட்ரஸுக்கு ஒரு சாலனாய்டு. இரண்டும் ஒரே நாசிலில் சேரும். எவ்வளவு பாய வேண்டும் என்பதை 'ஜெட்' எனப்படும் சின்னப் பித்தளைத் துண்டின் ஓட்டை தீர்மானிக்கிறது. இஞ்செக்டரின் எல்லை இதைத் தடுக்காது. சென்சார் எந்த வகை என்பது பொருட்டே இல்லை. கார்புரேட்டர் காலத்து மாருதி 800, பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளுக்கு வேறு வழியும் இல்லை, அவற்றுக்கு இது பொருத்தமும்கூட. அந்த மேனிஃபோல்டுகள் பெட்ரோலையும் காற்றையும் சேர்த்தே சுமப்பதற்காக வார்க்கப்பட்டவை.

சிக்கல் புதிய கார்களில். அவற்றின் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு காற்றை மட்டும் சுமப்பதற்காக வளைத்து வளைத்துச் செய்யப்பட்டது. பெட்ரோல் வால்வுக்குப் பக்கத்தில்தான் சேர்கிறது. அதன் வாயிலில் பெட்ரோல் துளிகளைத் தெளித்தால் காற்று வளைவில் திரும்பும், கனத்த துளி திரும்பாமல் சுவரில் மோதும். வழிந்து பள்ளத்தில் தேங்கும். நாலு சிலிண்டரில் ஒன்றுக்குப் பெட்ரோல் அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகும். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் நான்கின் சராசரியைத்தான் சொல்லும். சராசரி நன்றாக இருக்கும்போதே மூன்றாம் சிலிண்டர் வெந்துகொண்டிருக்கலாம். தேங்கிய பெட்ரோலுக்கு வால்வு வழியே ஒரு பொறி திரும்பிவந்தால் மேனிஃபோல்டே வெடித்துச் சிதறும். சிலிண்டருக்கு ஒரு நாசில் வைத்து, வால்வுக்கு அருகிலேயே தெளிப்பது சரியான மருந்து. செலவும் துளைபோடும் வேலையும் நாலு மடங்கு.

வெட் கிட்தான் பாதுகாப்பு என்ற பேச்சையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். பெட்ரோல் சாலனாய்டு மட்டும் திறக்காமல் போனாலோ, வடிகட்டி அடைத்தாலோ, வெட் கிட்டும் அதே லீன் கலவையைத்தான் தரும். கிளை எடுத்ததால் இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில் அழுத்தம் சரிந்தால் அசல் இஞ்செக்டர்களும் சேர்ந்து பட்டினி கிடக்கும். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸை நிறுத்தும் சுவிட்ச் இல்லாத கிட் எந்த வகையானாலும் வேண்டாம்.

இனி ஊருக்கு வருவோம். இந்த கிட்களோடு வரும் ஜெட் அட்டவணைகள் அமெரிக்கப் பெட்ரோலுக்குப் போட்டவை. நம் பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் அதே ஆக்சிஜனுக்கு எரிபொருள் அதிகம் வேண்டும். தூய பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று. இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. தூய பெட்ரோலுக்குக் கணக்கிட்ட ஓட்டையை அப்படியே போட்டால் எட்டு சதவீதம் போல லீன். பித்தளை ஓட்டைக்கு எத்தனால் தெரியாது. காரின் கணினிக்கோ, தினசரி ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்துக் கற்ற திருத்தம் இருக்கிறது. டிரை முறையில் நைட்ரஸுக்கான கூடுதல் பெட்ரோலையும் அந்தத் திருத்தத்தோடு சேர்த்துக் கணக்கிட வைக்கலாம். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் என்பது ஆறுதல், ஆனால் அந்த ஆறுதலை நம்பி ஜெட் தேர்ந்தெடுக்கக் கூடாது.

உயரமும் உண்டு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் போல மேலே. காற்று சுமார் பத்து சதவீதம் மெலிவு. டர்போ இல்லாத கார் சென்னையில் காட்டும் வேகம் இங்கே கிடைக்காது. நைட்ரஸ் சிலிண்டருக்கு இந்தக் குறை கிடையாது. அது தன் அழுத்தத்தில் தானே பாய்கிறது. உண்மையில் இந்த வாயு எஞ்சினுக்குள் பெரிய அளவில் போனதே உயரத்துக்காகத்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப் படை ஜிஎம்-1 என்ற பெயரில் மெசர்ஸ்மிட் 109, யுங்கர்ஸ் 88 விமானங்களின் எஞ்சினுக்குத் திரவ நைட்ரஸைச் செலுத்தியது. சூப்பர்சார்ஜரும் கைவிடும் மெலிந்த காற்றில் அது ஆக்சிஜன் கொடுத்தது. 1944-இல் பிரிட்டிஷாரும் தங்கள் மாஸ்கிட்டோ இரவுச் சண்டை விமானங்களில் அதைப் பொருத்தினார்கள். நாம் இருப்பது அவ்வளவு உயரத்தில் அல்ல, இருந்தாலும் 10 சதவீதம் என்பது 10 சதவீதம்தான்.

வெப்பநிலைதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. சிலிண்டருக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும். எவ்வளவு மீதமிருக்கிறது என்பதற்கு அதில் பங்கில்லை. வீட்டு கேஸ் சிலிண்டரைப் போலவே எடைபோட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 20 டிகிரியில் 50 பார். 30 டிகிரியில் 63. கிட்காரர்கள் ஜெட் அளவெல்லாம் கணக்கிடுவது இந்த இரண்டாவது எண்ணை ஒட்டி. குளிர்நாட்டுக்காரர்கள் அதற்காகச் சிலிண்டருக்கு ஹீட்டர் போர்த்துகிறார்கள். வைட்ஃபீல்டின் பிற்பகல் இலவசமாக அதைத் தருகிறது. டிசம்பர் விடியற்காலையில் 15 டிகிரி என்றால் 45 பார்தான். நைட்ரஸ் குறையும், வெட் கிட்டின் பெட்ரோல் குறையாது, எஞ்சின் புகைந்து தள்ளாடும். தள்ளாட்டம் பரவாயில்லை. எதிர்ப்பக்கம்தான் ஆபத்து: சிலிண்டர் சூடேறி நைட்ரஸ் கூடும்போது பெட்ரோல் ஓட்டை அதே அளவில்தான் நிற்கும். இரண்டு ஓட்டைகளுக்கும் ஒன்றையொன்று தெரியாது என்பதுதான் வெட் முறையின் அடிப்படைப் பலவீனம். மென்பொருள் முறையும் தானாக இதை அறியாது. ஆனால் சிலிண்டரில் ஒரு அழுத்த சென்சார் வைத்து அந்த எண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கலாம்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் வண்டிக்கு வெட். காற்று நிறையை அளக்கும் சென்சாரோ, திறந்து எழுதக்கூடிய இசியு-வோ உள்ள, இரண்டு லிட்டரை ஒட்டிய எஞ்சினுக்குச் சின்ன ஷாட், டிரை. சின்ன எஞ்சினில் 25 குதிரைத்திறன் வேண்டும் என்று ஆசை என்றால் இஞ்செக்டரை மாற்றிவிட்டு டிரை, அல்லது சிலிண்டருக்கு ஒரு நாசிலோடு வெட். மேனிஃபோல்டின் வாயில் ஒற்றை நாசில் மலிவானது என்பதற்காக அதை மாட்டுவதை நான் ஒப்பமாட்டேன். டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர் சிலிண்டர் வாங்கும் பணத்தில் நல்ல ரீமேப் ஒன்று செய்துகொள்ளலாம். எந்த வகையானாலும் 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே பொத்தான் வேலை செய்யாதபடி பூட்டு வேண்டும். நைட்ரஸ் பாயும் வேகம் ஆர்பிஎம்மோடு மாறாதது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு சுழற்சிக்கும் விழும் அளவு இரண்டு மூன்று மடங்காகி, கனெக்டிங் ராடை வளைத்துவிடும். வைட்ஃபீல்டின் ஹோப் ஃபார்ம் சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு 3000 ஆர்பிஎம்மைப் பார்த்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, அந்த வகையில் ஊர் நமக்குப் பாதுகாப்பு.

சாலையில் இதை ஓட்டுவது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தெருவில் பந்தயம் விட்டால் 189-ஆம் பிரிவு தனி. ஆகவே வைட்ஃபீல்டில் மாட்டிய கிட்டுக்கு வாழ்விடம் பந்தயத் தடம்தான்: கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே, அல்லது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை.

இருங்காட்டுக்கோட்டைக்குக் கோடையில் வண்டியை ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நைட்ரஸுக்கு 36.4 டிகிரி ஒரு எல்லை. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவம் கிடையாது. வைட்ஃபீல்டில் அபூர்வமாகத் தொடும் அந்த எண்ணைச் சென்னைப் பக்கத்து மே மாத நிழலே தாண்டிவிடும், மூடிய டிக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லையை நெருங்கும்போது அழுத்தம் ஏறுகிறது, திரவத்தின் அடர்த்தியோ சரிகிறது. நாசில் வழியே எவ்வளவு போகும் என்று எந்த ஜெட் அட்டவணையும் சொல்லாது. நிரம்பிய சிலிண்டர் இன்னும் சூடேறினால் பாதுகாப்புத் தகடு கிழிந்து எல்லாம் வெளியேறும். வெப்ப நாடுகளில் மருத்துவ நைட்ரஸ் சிலிண்டர்களைக் (அவை கொள்ளும் நீரின் எடையோடு ஒப்பிட்டு) குளிர்நாட்டு அளவான 0.75-க்குப் பதில் 0.67 என்ற விகிதத்துக்கே நிரப்புவது இதனால்தான். எரியாத வாயு என்ற தைரியமும் வேண்டாம். 2007 ஜூலையில் கலிபோர்னியாவின் மொஹாவியில், தீயே மூட்டாமல் நைட்ரஸைப் பாய்ச்சிப் பார்த்த ராக்கெட் சோதனையில் தொட்டி வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். தடத்துக்குப் போனதும் சிலிண்டரை டிக்கியிலிருந்து இறக்கி, நிழலில் வைத்து, ஈரத்துணி சுற்றுங்கள். எடைபோடுங்கள். மானி 60-லிருந்து 63 பாருக்குள் வந்து நிலைத்த பிறகு மாட்டிக்கொண்டு வரிசைக்குப் போகலாம். ஒரு ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் அடுத்த ஓட்டத்துக்கு நிற்க வேண்டாம். அதன் பீங்கானில் பிஸ்டனின் அலுமினியப் பொடி மின்னினால் அன்றைய நாள் அத்தோடு முடிந்தது.